குழாயைக் காலிசெய்ய மூன்று வழிகள்: குமரி மாவட்டத்துக்கு எது ஏற்றது?

இயற்கை எரிவாயுக் குழாயில் வால்வு மாற்றவோ, வெட்டி வெல்டிங் வைக்கவோ வேண்டுமென்றால், அந்தப் பகுதியை இருபுறமும் அடைத்து உள்ளிருக்கும் வாயுவை முதலில் அகற்றியாக வேண்டும். 20 செ.மீ. உள்விட்டமுள்ள எஃகுக் குழாயில் 49 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அடைபட்டிருக்கும் வாயு, வெளியே வந்தால் 1,500 கன மீட்டருக்கு மேல் விரியும்.

அதை உயரமான குழாய் வழியே அப்படியே காற்றில் விடுவதுதான் மலிவான, விரைவான வழி. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன், காற்றின் எடையில் ஏறத்தாழ பாதியே உள்ளதால் மேலெழுந்து கலைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலும் அது பற்றிக்கொள்ளும். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை வீடுகளும் மின்கம்பிகளும் இடைவெளியின்றித் தொடரும் சாலையோரத்தில் அதற்குப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது. இரைச்சலும் வாடையும் ஊரையே கலங்கடிக்கும்.

எரித்துவிட்டால் சூழலுக்கு நல்லது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஒரு கிலோ மீத்தேனை முழுமையாக எரித்தால் 2.75 கிலோ கரியமில வாயு மட்டுமே உண்டாகும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, சுடரை அணைத்துவிட்டால் எரியாத வாயு மேலெழுவதற்குள் காற்றோடு அடித்துச் செல்லப்பட்டுத் தாழ்வாகவே பரவக்கூடும். ஆகவே அணையாத துணைச்சுடரும் காற்றுத்தடுப்பும் இன்றி, தென்னந்தோப்புக்கு அருகில் இதைச் செய்யவே கூடாது.

நான் முதலிடம் தருவது மூன்றாவது வழிக்கு. வாயு வரும் பக்கத்து வால்வை மூடிவிட்டு, வாயு போகும் பக்கத்துப் பயனாளர்கள் எரித்துத் தீர்க்கும்வரை காத்திருந்து 49 பாரை 4 பாருக்கு இறக்கினால், பத்தில் ஒன்பது பங்கு வாயு அடுப்புகளுக்கே போய்ச் சேரும். மணிக்கணக்கில் ஆகும், அழுத்தம் அளவுக்குமீறிக் குறைந்து வீட்டு அடுப்புகள் அணைந்துவிடாதபடி ஓர் ஆள் அளவுமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மிஞ்சும் சிறு பங்கை இடத்துக்கேற்ப எரிக்கலாம், அல்லது உயரத்தில் விடலாம்.

எந்த வழியானாலும், குழாய்க்குள் காற்றை நேரடியாக விடாமல் முதலில் நைட்ரஜனைச் செலுத்தி மீத்தேனை வெளியேற்றுவது கட்டாயம். இங்கே ஒரு கண்ணி உண்டு: மீத்தேனை எரித்து அளக்கும் வினையூக்கி வகை உணர்கருவி வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. நைட்ரஜன் நிறைந்த குழாயில் அது பூஜ்யம் காட்டினால், மீத்தேன் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. அகச்சிவப்பு வகைக் கருவியால் அளந்த பிறகே வெட்டும் வேலையைத் தொடங்க வேண்டும்.