டிஸ்க்வேர்ல்டோடு இருபது வருடங்கள்: புத்தகமும் டிவியும்

பிரிட்டிஷ் எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை மாயாஜாலக் கதை வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். 1983-ல் ஆரம்பித்து 2015-ல் அவர் மறைந்த சில மாதங்களில் வெளியான கடைசிப் புத்தகத்தோடு முடிந்தது. முதல் புத்தகத்தை நான் கையில் எடுத்து இருபது வருடம் ஆகிறது. சிலவற்றை ஒரு முறையும் சிலவற்றை ஐந்தாறு முறையும் படித்திருக்கிறேன். நடிகர்களை வைத்து எடுத்த டிவி தொடர்களையும் பார்த்துவிட்டேன். "எதிலிருந்து ஆரம்பிப்பது? தொடரைப் பார்த்தால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தட்டையான ஓர் உலகம். அதை நான்கு யானைகள் சுமக்கின்றன. யானைகள் ஒரு பெரிய ஆமையின் முதுகில் நிற்கின்றன. அஷ்டதிக் கஜங்களையும் கூர்மத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் படம் பழகியதுதான். அந்த உலகத்தின் பெரிய நகரம் ஆங்க்-மார்ப்பார்க். அங்கே திருடர்களுக்கும் சங்கம் உண்டு, ரசீது கொடுத்துத்தான் திருடுவார்கள்.

முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 'தி கலர் ஆஃப் மேஜிக்', அதன் தொடர்ச்சி இரண்டும் அந்தக் காலத்து மாயாஜால நாவல்களைக் கிண்டல் செய்ய எழுதியவை. அந்த நாவல்களைப் படிக்காதவருக்குப் பாதி நகைச்சுவை எட்டாது. நானே இரண்டாவதோடு நிறுத்தியிருப்பேன். நண்பன் ஒருவன் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' பிரதியைக் கொடுத்து, "இதைப் படிச்சிட்டு அப்புறம் சொல்லு" என்றான். ஒரே ராத்திரியில் முடித்தேன்.

1989-ல் வந்த அந்த நாவலில்தான் சாம் வைம்ஸ் அறிமுகமாகிறார். யாரும் மதிக்காத இரவுக் காவல்படையின் தலைவர், குடிகாரர். அடுத்தடுத்த புத்தகங்களில் அவர் எழுந்து நிற்பதைப் பார்ப்பதுதான் இந்த வரிசையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் அவர் பூட்ஸைப் பற்றி யோசிக்கும் பத்தி ஒன்று வரும். நல்ல பூட்ஸ் 50 டாலர், பல வருடம் உழைக்கும். மட்டமானது 10 டாலர், ஒன்றிரண்டு பருவத்தில் அடிப்பாகம் பிய்ந்துவிடும். வைம்ஸின் மாதச் சம்பளமோ 38 டாலர். ஆகவே பணக்காரர் ஒரு தடவை 50 கொடுத்துப் பத்து வருடம் ஈரமில்லாமல் நடக்கிறார். ஏழை அதே பத்து வருடத்தில் 100 டாலர் செலவழித்தும் நனைந்த காலோடுதான் நடக்கிறார். நான் இதைப் படித்தபோது வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வார் அறுந்துபோகும் செருப்பையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். என் சம்பளக் கணக்கை யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது. 2022-ல் பிரிட்டனில் ஜாக் மன்றோ என்ற வறுமை ஒழிப்புச் செயற்பாட்டாளர் ஏழைகள் வாங்கும் பொருட்களின் விலை ஏற்றத்தைக் கணக்கிடும் தன் முயற்சிக்கு வைம்ஸின் பூட்ஸ் பெயரையே வைத்தார். பிராட்செட் குடும்பத்தின் தரப்பும் அதற்குச் சம்மதித்தது.

சரி, டிவிக்கு வருகிறேன். பிராட்செட்டின் நகைச்சுவை சம்பவத்தில் இருப்பதைவிட அதைச் சொல்லும் குரலில்தான் அதிகம். கதை போய்க்கொண்டிருக்கும்போதே அடிக்குறிப்பில் ஒரு குட்டிக் கதை சொல்லிவிட்டுத் திரும்புவார். கேமராவுக்கு அந்தக் குரல் கிடையாது. அதை ஈடுகட்ட ஏதாவது வழி கண்ட தொடர்கள் தேறின.

2006-ல் வந்த 'ஹாக்ஃபாதர்' தேறியது. ஊருக்கெல்லாம் பரிசு கொண்டுவரும் தாத்தா காணாமல் போகிறார், அவர் வேலையை மரணம் எடுத்துச் செய்கிறது. ஆம், மரணம் இங்கே ஒரு பாத்திரம். பூனைகளைப் பிடிக்கும், குதிரைக்குப் பிங்கி என்று பெயர். இயன் ரிச்சர்ட்சனின் குரல் அவ்வளவு கச்சிதம். குழந்தையில் சின்னப் பொய்களை நம்பிப் பழகினால்தான் நீதி, கருணை போன்ற பெரியவற்றை நம்ப முடியும் என்று கடைசியில் மரணம் தன் பேத்தியிடம் விளக்கும். புத்தகத்தில் படித்துப் புத்தகத்தை மூடிவைத்த இடம் அது. டிவியிலும் அதே கனத்தோடு வந்தது. 2010-ன் 'கோயிங் போஸ்டல்' தொடரில் நகரத்தின் ஆட்சியாளர் வெட்டினாரியாகச் சார்லஸ் டான்ஸ் வருவார். இப்போது அந்த நாவல்களைப் படித்தால் அவர் முகம்தான் வருகிறது.

'குட் ஓமென்ஸ்' டிஸ்க்வேர்ல்ட் அல்ல. பிராட்செட் இன்னோர் எழுத்தாளர் நீல் கெய்மனோடு சேர்ந்து எழுதி 1990-ல் வெளிவந்த நாவல். 2019-ல் வந்த தொடரின் முதல் பருவத்தில் கடவுளின் குரலாகப் பிரான்சஸ் மெக்டார்மண்ட் கதை சொல்வார். நாவலின் சொல்லும் குரலுக்கு இடம் கொடுத்ததால் அந்த ஆறு பகுதிகளும் நிறைவாக இருந்தன.

வைம்ஸின் காவல்படையை வைத்து 2021-ல் வந்த 'தி வாட்ச்' தொடர் எனக்கு வருத்தம்தான் தந்தது. வைம்ஸின் மனைவி சிபில் புத்தகத்தில் நடுவயது, நல்ல ஆகிருதி, நோயுற்ற குட்டி டிராகன்களை வைத்துப் பராமரிக்கிறவர். யாரும் கதாநாயகி என்று நினைக்காத ஒருத்தியைக் கதாநாயகி ஆக்கினார் பிராட்செட். தொடர் அவரை ஒல்லியான, சண்டை போடும் இளம்பெண் ஆக்கிவிட்டது. அந்த மாற்றத்தை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. எட்டுப் பகுதிகளையும் பார்த்து முடித்தேன். மறுபடி பார்க்க மாட்டேன்.

எந்த வடிவில் படிப்பது என்று கேட்டால், காகிதம். இ-ரீடரில் அடிக்குறிப்பைத் தொட்டுப் போய்த் திரும்புவதற்குள் சிரிப்பின் வேகம் போய்விடும். பென்குயின் 2022-லிருந்து கொண்டுவந்த புதிய ஒலிப்புத்தகங்களில் அடிக்குறிப்புகளை மட்டும் நடிகர் பில் நை தனியாக வாசிக்கிறார். பயணத்துக்கு அது நல்ல துணை.

2007-ன் கடைசியில் தனக்கு ஆல்சைமர் நோய் வந்திருப்பதை பிராட்செட் வெளிப்படையாகச் சொன்னார். டைப் செய்ய முடியாமல் போனபோது வாயால் சொல்லி எழுதினார். கடைசிப் புத்தகங்களில் வாக்கியங்கள் நீளும், பாத்திரங்கள் அதிகம் விளக்கிப் பேசும். புதிதாகப் படிப்பவர்கள் அவற்றை இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் அதிக முறை படித்தது 2002-ல் வந்த 'நைட் வாட்ச்'. வைம்ஸ் தன் இளமைக்காலத்துக்கே தூக்கி எறியப்பட்டு, முடிவு தெரிந்த ஒரு கலகத்தின் நடுவே நிற்பார். தடுப்பரணில் நிற்கிறவர்கள் உண்மை, நீதி, சுதந்திரம் என்று கோரிக்கை அடுக்குகிறார்கள். வைம்ஸ் கேட்பது ஓர் அவித்த முட்டை. மறுநாள் காலை நிச்சயமாகக் கிடைக்கக்கூடியது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வயதில் அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். போன வருடம் படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. கதையில் அந்தக் கலகம் நடந்த நாள் மே 25. வருடா வருடம் அன்றைக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துவிடுவேன். காலையில் தட்டில் முட்டையும் இருக்கும்.