டி12-5 மோட்டார்: வாங்கலாம், காரில் வைக்காதீர்கள்

ஹூஸ்டனில் எங்கள் ராக்கெட் மன்றத்துப் பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கித் தருவது என் பொறுப்பு. சிறு ராக்கெட்டை மேலே தள்ளும் எஸ்டெஸ் நிறுவனத்து மருந்துக் குழாயான டி12-5 மோட்டார் எப்படி என்று புதிதாகச் சேரும் பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மோட்டார் அது.

24 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். தடித்த காகிதக் குழாய்க்குள் கருமருந்தை அழுத்தி இறுக்கியிருப்பார்கள். அடியில், எரிந்த வாயு பீறிட்டு வெளியேறும் குறுகிய துளையான களிமண் நாசில். பற்றியவுடன் உந்துவிசை 30 நியூட்டனை ஒட்டி எழும்பிப் பிறகு தணியும். அந்த முதல் உதைதான் இதன் அழகு. காற்று இருந்தாலும் ராக்கெட், அதை நிறுத்தி ஏவும் கம்பியை விட்டு நேராகக் கிளம்பும். கடைசி எண்ணான 5, மருந்து தீர்ந்தபின் பாராசூட் விரியும்வரை கழியும் விநாடிகள். கனமான ராக்கெட்டுக்கு அது அதிகம். தலைகுப்புற வேகம் பிடித்தபின் விரிந்து நூலை அறுத்துவிடும். அதற்கு டி12-3 வாங்குங்கள்.

இனி, ஆயுள். கருமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் உண்டு. ரப்பர் போல இழுபட்டுக் கொடுக்கும் பொருள் எதுவும் இல்லை. அதனால் அது நொறுங்கும் இனம். சூடேறி ஆறும்போது மருந்தும் காகிதமும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. நாளடைவில் மருந்து சுவரைவிட்டு மயிரிழை அளவு பிரியும், அல்லது உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பற்றவைத்ததும் தீ அந்த இடுக்கில் ஓடும். எரியும் பரப்பு சட்டென்று பெருகும், அழுத்தம் எகிறும், குழாய் தாங்காது. சிமென்ட் தரையில் தவறவிட்டாலும் இதே கதி நேரலாம்.

போன கோடையில் ஒரு பையனின் அப்பா ஒரு பொதியைக் கார் டிக்கியிலேயே விட்டுவைத்திருந்தார். இந்த ஊர் வெயிலில் மூடிய காருக்குள் 60 டிகிரி சாதாரணம். இலையுதிர் காலத்தில் ஏவியபோது ராக்கெட்டின் மேல்பாதி மட்டும் பறந்தது. துடுப்புகள் கம்பியிலேயே நின்றன. கிடைத்த குழாயைப் பிளந்து பார்த்தேன். களிமண் நாசில் அப்படியே இருந்தது. உட்சுவரில் ஒரே பக்கம் மட்டும், அடியிலிருந்து நுனிவரை, விரல் அகலத்துக்குக் கருகிய பட்டை. தீ எந்த வழியே ஏறியது என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் கலப்பு மருந்து மோட்டாருக்குப் போகலாம். அம்மோனியம் பெர்குளோரேட் தூளை எச்டிபிபி என்ற ரப்பர் பிடித்துவைத்திருக்கும். நகத்தால் அழுத்தினால் அழிரப்பர் போலக் கொடுக்கும். பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தில் இருக்கும் ஏறத்தாழ 138 டன் மருந்தும் இந்த இனம்தான். வெப்பநிலை ஏறி இறங்குவதை நன்றாகவே தாங்கும். ஆனால் விலை அதிகம், பற்றவைப்பதும் சிரமம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

டி12-5ஐ வீட்டுக்குள், குளிரும் வெயிலும் மாறிமாறிப் படாத அலமாரியில் வையுங்கள். என்னிடம் அப்படி இருக்கும் பழைய பெட்டிகள் இன்றும் குறையில்லாமல் எரிகின்றன. கடையில் வாங்கும்போது சரக்கைக் குளிர்சாதன அறையில் வைக்கிறார்களா, பின்கட்டுத் தகரக் கொட்டகையிலா என்று கேட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூரியரில் வரவழைக்க வேண்டாம்.

ஐந்துக்கு நாலரை.