சிப்பியா, வாவிச் சேறா?

இலங்கையின் மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் (கடலோர உப்பங்கழி) இடையில் கிடக்கும் நாவலடி என்ற ஊரை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அள்ளிச் சென்றது. அந்த மண்ணின் நினைவைக் கலையாக்க எதைக் கையில் எடுப்பது?

சிப்பி எளிது. நன்னீரில் ஊறவைத்து உப்பை நீக்கிப் பலகையில் ஒட்டினால் நெடுங்காலம் நிற்கும். ஆனால் அது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். ஊர் அதில் தங்குவதில்லை.

வாவிச் சேறு அப்படியல்ல. கருஞ்சாம்பல் நிறம், கண்டல் வேரின் நார், அழுகிய இலையின் வாடை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. காயும்போது வெடிக்கும், நறுக்கிய வைக்கோலைச் சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு குறையும். வீட்டு வளவில் கிணறு எங்கே, அடுப்படி எங்கே என்று விரலாலேயே கீறிக் காட்டலாம். முதியவர்களோடு சேர்ந்து செய்வதென்றால் நான் சேற்றையே தேர்வேன். கை நனைந்ததும் பேச்சு தானாக வருகிறது. சுடாத சேறு மாரி மழையில் கரைந்துவிடும், ஆகவே கூரைக்குக் கீழே வையுங்கள்.