வயதைத்தான் கேட்டார்கள், நான் மூன்று அட்டைகளைக் கொடுத்தேன்

பெங்களூரு அல்சூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வசிக்கிறேன். வயது 49. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலை. அடுத்தவர் கொடுக்கும் ரசீதை மூன்று முறை சரிபார்த்துப் பழகிய நான், என் சொந்த ஆவணங்களை ஒரு காணொளித் தளத்திடம் எவ்வளவு எளிதாகத் தூக்கிக் கொடுத்தேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு மார்பகத்தில் கட்டி இருப்பது தெரியவந்தபின், சுயபரிசோதனை செய்வது எப்படி என்று ஒரு மருத்துவர் விளக்கும் காணொளியைப் பார்க்க விரும்பினேன். அதைத் திறந்ததும், உங்கள் வயதை உறுதிசெய்ய வேண்டும் என்று திரை மறித்துக்கொண்டது. என் கணக்கில்தான் வீட்டுத் தொலைக்காட்சியும் இயங்குகிறது. விடுமுறைக்கு வந்த தங்கையின் பிள்ளைகள் இரண்டு மாதம் அதில் பொம்மைப் படங்களாகவே பார்த்திருந்தார்கள். பார்க்கும் காணொளிகளை வைத்துக் கணக்குக்குரியவரின் வயதைக் கணிக்கும் முறை இப்போது பரவலாகி வருகிறது. யூடியூப் அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் அதைத் தொடங்கியபோது, தவறாகக் கணிக்கப்பட்ட பெரியவர்கள் அரசு அடையாள அட்டை, கடன் அட்டை, செல்ஃபி ஆகியவற்றில் ஒன்றைக் காட்டித் தம் வயதை நிறுவலாம் என்று அறிவித்தது. நான் சொல்லும் தளம் அதுவன்று, அதைவிடச் சிறியது; ஆனாலும் அதன் கணிப்பில் நான் சிறுமியாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஆதாரின் இரு பக்கங்களையும் கேட்டார்கள். பிறகு அந்த அட்டையை முகவாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார்கள். குழல்விளக்கின் வெளிச்சம் அட்டையின் பிளாஸ்டிக் உறையில் பட்டுத் தெறித்ததால், உறையைக் கழற்றிவிட்டு மீண்டும் எடுத்தேன். பன்னிரண்டு இலக்கங்களும் துல்லியமாக விழுந்தன என்று அப்போது திருப்திப்பட்டதை நினைத்தால் இன்று எரிச்சல் வருகிறது.

அடுத்த சிக்கல் முதலெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு என்பது இந்தப் படிவங்களை எழுதுகிறவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. குடும்பப் பெயருக்கான கட்டம் ஒற்றை எழுத்தை ஏற்க மறுத்ததால், அப்பாவின் முழுப் பெயரைத் தட்டச்சு செய்தேன். கட்டத்தில் 12 ஆங்கில எழுத்துகளுக்கு மேல் இடமில்லை; அப்பாவின் பெயரோ நீளமானது. கடைசி மூன்று எழுத்துகள் வெட்டுப்பட்டு நின்றன. ஆதாரில் முதலெழுத்து மட்டுமே இருந்ததால், பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்தேன், அதுவும் திரும்பியது. அப்பாவின் பெயர் முழுமையாக இருக்கும் பான் அட்டையைக் கொடுத்தேன். அவர்களே வெட்டிய பெயரோடு அது பொருந்தாததால் அதையும் நிராகரித்தார்கள். ஆக, மூன்று ஆவணங்கள் போயின, காணொளி திறக்கவில்லை. கடைசியில் அதை மதிய உணவு இடைவேளையில் தோழியின் கைபேசியில்தான் பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஓர் அழைப்பு வந்தது. உடனடிக் கடன் தயாராக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பேசிய பெண், என்னை அப்பாவின் பெயரைச் சொல்லி, பின்னால் 'மேடம்' சேர்த்து விளித்தார். அந்தப் பெயரில் கடைசி மூன்று எழுத்துகள் இல்லை. வங்கியிலோ அலுவலகத்திலோ மின்வாரிய ரசீதிலோ என் பெயர் அப்படிக் குறைபட்டு எங்கும் பதிவானதில்லை. அந்த ஒரு கட்டத்தில் மட்டுமே அது அப்படி இருந்தது. அந்த வாரத்தில் மேலும் நான்கு அழைப்புகள் வந்தன, எல்லாவற்றிலும் அதே குறைப்பெயர். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறக்கூடிய கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். நான் கேள்விப்பட்டே இராத ஒரு கடன் நிறுவனம் என் பான் எண்ணை வைத்து இரண்டு முறை விசாரித்திருந்தது. கசிந்தது தளத்திடமிருந்தா, அது அமர்த்திய சரிபார்ப்பு நிறுவனத்திடமிருந்தா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த இரண்டுக்கும் வெளியே அந்தப் பெயர் இருந்ததில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

என் ஆவணங்களை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் உறுதிசெய்யுமாறு தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆவணங்கள் தங்களிடம் இல்லை, சரிபார்ப்பு நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். அந்த நிறுவனமோ, தாங்கள் வாடிக்கையாளர் சொல்கிறபடி செய்பவர்கள், வாடிக்கையாளர் என்றால் தளம்தானே தவிர நீங்கள் அல்ல, ஆகவே தளத்தையே அணுகவும் என்று பதில் எழுதியது. மின்னணு நகரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் கொழுந்தனிடம் இவற்றைக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணி, பதினெட்டு ஆச்சா இல்லையாங்கறதுதானே கேள்வி? அதுக்கு வீட்டு விலாசமும் பான் நம்பரும் எதுக்கு?"

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. எந்த நோக்கத்துக்காகச் சம்மதம் பெறுகிறார்களோ, அதற்குத் தேவையான அளவு தரவை மட்டுமே கையாள வேண்டும்; வேறொரு நிறுவனத்தை அமர்த்தி வேலையைச் செய்துகொண்டாலும் பொறுப்பு, அமர்த்தியவருடையதே. எனக்கு வந்த இரண்டு மின்னஞ்சல்களுக்கும் இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதே சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குவதால், யார் சிறுவர், யார் பெரியவர் என்று தளங்கள் எல்லோரையும் கேட்கும் நிலை இனி கூடத்தான் செய்யும். பெற்றோரை உறுதிசெய்யும் வழிகளில் ஒன்றாக, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற சேவை தரும் டோக்கனை, அதாவது ஆவணத்துக்குப் பதிலான மின்னணுக் குறியீட்டை, ஏற்கலாம் என்று விதிகளே சொல்கின்றன. அட்டைப் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளாமலும் வயதை உறுதிசெய்ய வழியிருக்கிறது என்பதுதானே இதன் பொருள்.

பெரிய தளத்துக்குக் கொடுத்தால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளத்துக்கு வாடிக்கையாளர் சேவை செய்துவந்த வெளிநிறுவனத்தில் நடந்த ஊடுருவலில், வயது தொடர்பான மேல்முறையீட்டுக்காகப் ஏறத்தாழ 70,000 பயனர்கள் அனுப்பியிருந்த அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்டே தெரிவித்தது. அவர்களும் என்னைப் போல, தவறான கணிப்பைத் திருத்தப் போனவர்கள்தாம்.

குழந்தைகளைக் காக்கும் கட்டுப்பாட்டுக்கு நான் எதிரியல்லள். ஆனால் ஆவணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை மட்டும் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் பதிவிறக்கும்போதே அதற்கான தெரிவு இருக்கிறது. அந்த ஆணையத்தின் நம் பெங்களூரு மண்டல அலுவலகமே 2022 மே மாதத்தில், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. மறைத்த ஆதார் என்னவோ இன்றும் கிடைக்கிறது. பதிவிறக்கும் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள வேண்டாம்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அது, உங்களைத் தெரிந்த யாரும் ஊகித்துவிடுவார்கள். வயதுக்காகப் பான் அட்டையை மட்டும் எந்தத் தளத்துக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் இருக்கின்றன என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். எனக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை, அந்த அளவுக்கு நிம்மதி.

கடன் நிறுவனத்தின் விசாரணைப் பதிவுகளை நீக்கக் கோரி மனுக் கொடுத்தேன். ஒன்று நீங்கியது, மற்றொன்று பரிசீலனையில் இருக்கிறது. சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலும் புகாரைப் பதிந்து, எண் வாங்கி வைத்திருக்கிறேன். காணொளித் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலோடு நிற்காமல், வெட்டுப்பட்ட பெயர் தெரியும் திரைப்படியையும் அழைப்புகள் வந்த நாள், நேர விவரத்தையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.