ஆறு சேனல் செல்: ஓட்டத்தில் தங்கம், நிரப்பும்போது தலைவலி

அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் (மிக வேகமாகச் சுழற்றும் மையவிலக்கு இயந்திரம்) சமநிலை ஓட்டம் (மூலக்கூறுகள் படிவதும் பரவுவதும் சமமாகும்வரை சுழற்றுவது) போட்டு மூலக்கூறு எடை பார்ப்பவர்களுக்கு இந்த ஆறு சேனல் சென்டர்பீஸை (செல்லின் நடுவில் கரைசலைத் தாங்கும் வட்டு) தெரியாமல் இருக்காது. 1964இல் யிஃபான்டிஸ் என்ற விஞ்ஞானி கொண்டுவந்த வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. கரி கலந்த எப்பான் என்ற எப்பாக்சிப் பிசினில் செய்த 12 மி.மீ. தடிமன் வட்டு, அதில் மூன்று ஜோடிக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மாதிரி, மறுபக்கம் பஃபர் (மாதிரி இல்லாத வெறும் கரைப்பான்). நான்கு துளை ரோட்டரில் மூன்று செல்லும் ஒரு எதிர் எடையும் வைத்தால் ஒரே ஓட்டத்தில் ஒன்பது மாதிரிகள். அதுவும் ஒரு குழிக்கு 110 மைக்ரோலிட்டர் போதும். அரும்பாடுபட்டுச் சுத்திகரித்த புரதத்தை வைத்திருப்பவருக்கு இதன் அருமை புரியும்.

மூலக்கூறுகள் படியும் வேகத்தை அளக்கும் வேக ஓட்டத்துக்கான செல்லில் விசிறி வடிவம் கட்டாயம், இல்லையென்றால் மூலக்கூறுகள் சுவரில் மோதிக் கரைசலைக் கலக்கிவிடும். சமநிலையில் நிகர ஓட்டமே இல்லாததால் இங்கே நேர்ச்சுவர் போதும், அதனால்தான் இத்தனை குழிகளை நெருக்கி வைக்க முடிகிறது. திரவத்தின் உயரம் 3 மி.மீ. அளவில் நிற்கும். சமநிலைக்கு வரும் நேரம் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும் என்பதால், 1 மி.மீ. மட்டும் நிரப்பினால் ஒன்பதில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் செறிவின் சரிவைக் கணக்கிடப் புள்ளிகள் குறைந்துபோகும், நான் அந்தக் குறுக்கு வழிக்குப் போவதில்லை.

சரி, குறைக்கு வருவோம். இதில் நிரப்பும் துளை கிடையாது. கீழ் விண்டோவை (ஒளி புகும் தட்டு) மாட்டி, திறந்த குழிகளில் பிப்பெட்டால் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல் விண்டோவை மூடி, டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். பஃபர் ஒரு சொட்டு அதிகமாகிப் பக்கத்துக் குழிக்கு வழிந்தால், எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, காயவைத்து முதலிலிருந்து. கேஸ்கெட் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். எனக்கு ஒரு முறை இரவு முழுக்க ஓடி, காலையில் பார்த்தால் நடுக் குழியின் மெனிஸ்கஸ் (திரவத்தின் மேல்பரப்பு) வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தது, அதாவது கசிவு. அன்றிலிருந்து ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் செல்லை எடை போடுகிறேன்.

அப்புறம், இன்டர்ஃபெரன்ஸ் ஒளியியலில் (ஒளி அலைகளின் குறுக்கீட்டை வைத்துச் செறிவை அளப்பது) பார்ப்பவர்கள் குவார்ட்ஸை விட்டுவிட்டு நீலக்கல் விண்டோ வாங்குங்கள். வேகத்தில் குவார்ட்ஸ் வளைவது அளவீட்டின் அடிக்கோட்டிலேயே (பேஸ்லைன்) தெரியும்.

ஐந்துக்கு நான்கு. நிரப்பும் துளையோடு ஆறு சேனல் கிடைத்தால் ஐந்து கொடுத்திருப்பேன்.