ட்யூபை மாற்றினால் மார்ஷல் ஆகிவிடும் என்றார்கள். இரண்டு மாதச் சம்பளம் போச்சு

முந்தாநாள் ராத்திரி என் கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்) செத்துவிட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். புது ட்யூப் (ஆம்புக்குள் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடி வால்வு), கூலி, இப்போது எரிந்துபோன பவர் ட்ரான்ஸ்ஃபார்மர், எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிட்டார் ஆம்ப் சர்வீஸும் செய்து ட்யூபும் விற்கிற வகை, அவ்வளவுதான்.

என்னுடையது ஒரு ஜோடி 6எல்6 பவர் ட்யூப் போட்ட காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். க்ளீன் சத்தம் கணீரென்று இருக்கும். வால்யூம் திருகு கரகரக்கிறது, சுத்தம் செய்து கொடுங்கள் என்றுதான் கொண்டுபோனேன். வேறு ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் பின்பலகையைக் கழற்றி, ஆன் செய்து, வால்யூமை ஏற்றிவிட்டு, ஒரு பென்சிலால் ப்ரீஆம்ப் ட்யூப்களை (கிட்டாரின் சின்ன சிக்னலை முதலில் பெருக்குபவை) ஒவ்வொன்றாகத் தட்டினார். முதல் ட்யூபைத் தட்டியதும் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டது. "கேட்டுச்சா தம்பி? மைக்ரோஃபோனிக் ஆயிடுச்சு. செட்டே போச்சு."

மைக்ரோஃபோனிக் என்றால், தட்டும் அதிர்வையே ட்யூப் சத்தமாக்குவது. அந்த இடத்தில்தான் நம்பினேன். என் காதால் கேட்டேனே! முதல் ஸ்டேஜில் இருக்கிற 12ஏஎக்ஸ்7 என்ற ப்ரீஆம்ப் ட்யூபை யார் தட்டினாலும் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஆம்பின் மொத்த கெயினும் (பெருக்கும் திறனும்) இருக்கிறது. வாசிக்கும்போது தானாக ஊளையிட்டால்தான் அதை மாற்ற வேண்டும். இதை நேற்று இன்னொரு டெக்னீஷியன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த தூண்டில் உடனே வந்தது. "எப்படியும் மாத்துறோம், பவருக்கு ஈஎல்34 போட்டுடலாம். அப்படியே மார்ஷல் சத்தம் வந்துரும்." ஈஎல்34 இன்னொரு வகை பவர் ட்யூப். மார்ஷல், ராக் இசையில் பேர்போன ஆம்ப் கம்பெனி. பல வருஷமாக நான் ஏங்கிய சத்தம். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆனால் அந்தச் சத்தம் ட்யூபால் மட்டும் வந்ததில்லை. 1962-இல் வந்த முதல் மார்ஷல், ஜேடிஎம்45, ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்பின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை அடிப்படையாக வைத்துச் செய்தது. ஆரம்பத்தில் அதில் இருந்ததே 6எல்6 குடும்பத்து 5881 பவர் ட்யூப். பிறகு கேடி66 வந்தது, ஈஎல்34 அதற்கும் பிறகுதான். பாஸ்மேனின் முதல் ஸ்டேஜில் 12ஏஒய்7 இருந்த இடத்தில் அதிக கெயின் உள்ள ஈசிசி83 (12ஏஎக்ஸ்7-இன் இன்னொரு பெயர்), வேறு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர், பின்பக்கம் மூடிய கேபினெட், வேறு ஸ்பீக்கர், இப்படிப் பல மாற்றங்கள் சேர்ந்துதான் அந்தச் சத்தம் பிறந்தது. வாக்ஸ் ஏசி30 என்ற ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஈஎல்84 பவர் ட்யூப், கேதோடு பயாஸ் (ட்யூப் தன் கரண்டைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு), பவர் ஸ்டேஜைச் சுற்றி நெகட்டிவ் ஃபீட்பேக்கே (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி அடக்குவது) கிடையாது. அதனால்தான் ஓங்கி அடித்தால் விரைப்பு இல்லாமல் மெல்ல மெல்ல உடைகிறது. ஈஎல்34-க்கும் 6எல்6-க்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஈஎல்34-இல் மிட்ஸ் (நடு ஸ்வரங்கள்) முன்னால் வரும், 6எல்6-இல் பேஸ் இறுக்கமாக, மேல் பக்கம் பளிச்சென்று இருக்கும். ஆனால் பவர் ஸ்டேஜை நன்றாக முடுக்கினால்தான் அது சரியாகக் காதில் விழும். டோன் ஸ்டாக்கும் (பேஸ், ட்ரெபிள் திருகுகளின் சர்க்யூட்) ட்ரான்ஸ்ஃபார்மரும் பழையபடியே இருக்கும்போது ட்யூபை மட்டும் மாற்றி ஒரு ஆம்பை இன்னொரு ஆம்பாக்க முடியாது.

வீட்டுக்கு வந்து வாசித்தால் சத்தம் வறண்டு கிடந்தது. ஒரு நோட்டை அடித்துவிட்டு விட்டால், அது தேயும்போது அடியில் மணலைத் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு. போன் செய்தேன். "புது ட்யூப் தம்பி, செட்டாக டைம் எடுக்கும்." பயாஸ், அதாவது ட்யூபில் ஓடும் கரண்டை நிர்ணயிக்கும் நெகட்டிவ் வோல்டேஜ், பார்த்தீர்களா என்று கேட்டேன். "மேட்ச்டு பேர், பார்க்கத் தேவையில்லை." இது சுத்தப் பொய். இரண்டு ட்யூபும் ஒன்றுக்கொன்று பொருந்துவது வேறு, அந்த ஜோடி இந்த ஆம்பின் வோல்டேஜுக்குப் பொருந்துவது வேறு. 6எல்6-க்கு வைத்திருந்த நெகட்டிவ் வோல்டேஜ் ஈஎல்34-க்கு அதிகம். கரண்ட் போதாமல் ட்யூப் பட்டினி கிடந்தது, அந்தக் கரகரப்பு அதனால்தான்.

மூன்றாவது வாரம் ஃப்யூஸ் போனது. திரும்பவும் போன். "கொஞ்சம் பெரிய ஃப்யூஸா போட்டுக்கோங்க." நான் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் சொன்னாரே என்று போட்டேன். முந்தாநாள் இரண்டாவது பாட்டின் நடுவில் வார்னிஷ் கருகும் நாற்றம். ஸ்விட்சை அணைத்துவிட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் மூடியைத் தொட்டேன், விரல் வைக்க முடியவில்லை.

நேற்று அந்த இன்னொரு டெக்னீஷியன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு 6எல்6-இன் ஹீட்டருக்கு (ட்யூபைச் சூடாக்கும் இழைக்கு) 0.9 ஆம்பியர், ஈஎல்34-க்கு 1.5. ஜோடிக்கு 1.8 போய் 3 ஆம்பியர். என் ட்ரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்கும்படி செய்ததே இல்லை. சாக்கெட்டின் முதல் பின்னையும் காட்டினார். ஈஎல்34-இல் அது சப்ரஸர் கிரிட் (ட்யூபுக்குள் இருக்கும் ஒரு கம்பி வலை), எட்டாவது பின்னில் இருக்கும் கேதோடுடன் சேர்க்க வேண்டும். என் ஆம்பில் அதே பின்னில் கிரிட் ரெசிஸ்டரைப் பற்றவைத்திருந்தது அப்படியே கிடந்தது. அதாவது அவர்கள் சாலிடரிங் அயர்னையே எடுக்கவில்லை. பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகியதற்கா இரண்டு மாதச் சம்பளம்?

கடைக்கு நேரில் போனேன். "ட்யூபுக்கு வாரண்டி கிடையாது." "நீங்க சத்தமா வாசிச்சிருப்பீங்க." "பார்த்தவர் லீவு." என் பழைய 6எல்6 ஜோடியைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம். நல்ல ட்யூப் அது. இப்போது மெசேஜ் அனுப்பினால் படிக்கிறார்கள், பதில் இல்லை.

விவரமாக ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கழற்றிய ட்யூபைக் கையில் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள். ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப் (பயாஸ் வோல்டேஜைத் தனியாகக் கொடுக்கும் வகை) என்றால் ப்ளேட் வோல்டேஜ் எவ்வளவு, ஒவ்வொரு ட்யூபிலும் எத்தனை மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் ஆம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஃப்யூஸை ஒருபோதும் ஏற்றிப் போடாதீர்கள். அப்புறம், என்னைப் போலக் கோபத்தில் நீங்களே திறக்கப் போகாதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். நாளைக் காலையில் பில்லை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கடைக்குத்தான் போகிறேன்.