சப்டைட்டிலா, டப்பா? ஜிப்ளி படங்களும் மேற்கின் காதுகளும்

ஜப்பானின் ஜிப்ளி அனிமேஷன் ஸ்டுடியோவுக்காக ஹயாவோ மியாசாகி இயக்கிய 'ஸ்பிரிட்டட் அவே' படத்துக்கு இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஜப்பானிய மூலத்தில் சிறுமி சிஹிரோ காரில் ஏறுகிறாள், கார் கிளம்புகிறது, அவ்வளவுதான். 2002-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்காக டிஸ்னி செய்த ஆங்கில டப்பில் கார் போகும்போது அப்பாவின் குரல் கேட்கிறது: புது வீடு, புதுப் பள்ளி, கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். 'நான் சமாளிச்சுக்குவேன்' என்கிற மாதிரி மகள் பதில் சொல்கிறாள். மூலத்தில் அவள் சிக்கியிருந்த குளியல் விடுதியும் அங்கிருந்த ஆவிகளும் அவளுக்கு நினைவில் இருக்கின்றனவா என்றே நமக்குத் தெரியாது. அவள் தலைமுடியைக் கட்டியிருக்கும் கயிறு மட்டும் ஒரு கணம் மின்னி அடங்குகிறது. டப் அந்தச் சந்தேகத்தைத் துடைத்துவிட்டு 'பாப்பா வளர்ந்துவிட்டாள்' என்று சான்றிதழ் கொடுக்கிறது.

இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மேற்கத்திய ரசிகர் எதை ரசித்தார் என்பதைவிட, அவருக்கு எது பிடிக்காது என்று விநியோகஸ்தர்கள் நினைத்தார்கள் என்பது பளிச்சென்று தெரியும். அவர்கள் பயந்தது மௌனத்துக்கு. ரசிகரை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. 2002-இல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், கதைக்குத் தேவையே இல்லாத அந்த அமைதியான கணங்கள் தனக்குப் பிடிக்கும் என்று மியாசாகியிடம் சொன்னார். மியாசாகி சில முறை கை தட்டிக் காட்டி, இரண்டு தட்டலுக்கு நடுவே உள்ள நேரம்தான் 'மா' என்றார். பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அவர்களை நம்பத்தான் ஆள் இல்லை.

இந்த அவநம்பிக்கையால் அதிகம் அடிபட்டது 'கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989). மூலத்தில் சூனியக்காரச் சிறுமி கிக்கியின் கறுப்புப் பூனை ஜிஜிக்குக் குரல் கொடுத்தவர் ரெய் சகுமா என்ற பெண். சின்னக் குரல், கொஞ்சம் பயந்தாங்கொள்ளித்தனம். 1998-இன் டிஸ்னி டப்பில் நகைச்சுவை நடிகர் ஃபில் ஹார்ட்மன் பேசினார். மூலத்தில் வாயே திறக்காத இடங்களிலும் இந்தப் பூனை ஜோக் அடிக்கிறது. சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் கிக்கியின் மந்திர சக்தி மங்கும்போது பூனையின் பேச்சு அவளுக்குப் புரியாமல் போகிறதே, படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கடைசியில் அவள் மறுபடி பறக்கிறாள். ஜிஜி தோளில் ஏறி 'மியாவ்' என்கிறது. மூலத்தில் அது வெறும் மியாவ்தான். பறக்கும் திறமை திரும்பியது, பூனையோடு பேசிய குழந்தைப் பருவம் திரும்பவில்லை. 1998 டப்பில் பூனை மறுபடி பேசிவிடுகிறது. போனதெல்லாம் வந்துவிட்டது, சுபம்! 2010-இல் வந்த பதிப்பில் இந்த வரியையும் வேறு பல ஒட்டுகளையும் நீக்கினார்கள். எனவே டப்பில் பார்ப்பவர்கள் அது எந்த ஆண்டுப் பதிப்பு என்று கவனிக்க வேண்டும். (1998 டப்பில் பேக்கரிக்காரம்மா கிக்கிக்குக் கொடுக்கும் காபி 'ஹாட் சாக்லேட்' ஆகிவிட்டது. பதின்மூன்று வயதுப் பெண் காபி குடித்தால் என்ன கெட்டுவிடும் என்று நம் ஊர் பாட்டிகள் கேட்பார்கள்.)

'பிரின்சஸ் மோனோநோகே' விஷயத்தில் என் தீர்ப்பு கொஞ்சம் மாறுகிறது. இதற்கு முன்கதை உண்டு. 1984-இல் வந்த மியாசாகியின் 'நவ்சிகா' படத்தை அடுத்த ஆண்டே இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, பெயரையும் மாற்றி அமெரிக்காவில் வெளியிட்டிருந்தார்கள். அந்தக் காயத்தால்தான் மோனோநோகேவை வாங்கிய அமெரிக்க விநியோக நிறுவனம் மிராமேக்ஸின் ஹார்வி வைன்ஸ்டீனுக்கு, 'வெட்டு கிடையாது' என்ற செய்தியோடு ஒரு சாமுராய் வாளைத் தயாரிப்பாளர் சுசுகி கொடுத்தார். படம் வெட்டுப்படாமல் 1999-இல் வெளியானது. ஆங்கில வசனம் எழுதியவர் நாவலாசிரியர் நீல் கெய்மன். உழைத்து எழுதியிருக்கிறார், காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. காட்டுக் கடவுளின் பெயரான 'ஷிஷிகாமி' என்பதில் 'ஷிஷி' மான், பன்றி போல இறைச்சிக்காக வேட்டையாடும் விலங்கைக் குறிக்கும் பழைய சொல். ரத்தமும் சதையுமான அந்தக் கடவுள் ஆங்கிலத்தில் 'வன ஆவி' ஆகிவிட்டது. இன்னொன்று, இரும்பு உருக்கும் ஊரின் தலைவி எபோஷி அடைக்கலம் கொடுத்த நோயாளிகள். கட்டுப்போட்ட முதியவர் மூலத்தில் 'எங்கள் நோய்க்கு அஞ்சாமல் அழுகிய சதையைக் கழுவியவர்' என்று அவளைச் சொல்கிறார், நோயின் பெயரை எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் 'நாங்கள் தொழுநோயாளிகள்' என்று நேராகவே வருகிறது. மியாசாகி அதைத்தான் மனதில் வைத்திருந்தார் என்பதைப் பின்னாளில் அவரே சொன்னார், எனவே தகவலாகத் தவறில்லை. எபோஷியை வெறும் காடழிக்கும் வில்லியாகப் பார்க்க இருந்த மேற்கத்திய ரசிகருக்கு இந்த வரி உதவியும் இருக்கும். இந்த ஒரு படத்துக்கு டப்பைப் பரிந்துரைக்க நான் தயங்க மாட்டேன்.

டப்பின் தலையீடு இல்லாமலே இரண்டு வாசிப்புகளாகப் பிரிந்து நிற்கும் படம் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' (1988). மேற்கில் பெரும்பாலோர் இதைப் போருக்கு எதிரான மாபெரும் படம் என்றே கொண்டாடுகிறார்கள். இயக்குநர் இசாவோ தகாஹாதாவோ இது போர் எதிர்ப்புப் படம் அல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்பது வயதில், இரண்டாம் உலகப் போரின் ஒகயாமா நகரக் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர் அவர்; போரை மென்மையாகக் காட்ட அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. அவர் கை வைத்த இடம் வேறு. சித்தியின் ஏச்சைப் பொறுக்காமல் தங்கையை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டு ஒதுங்கும் சிறுவன் செய்தா, உலகத்தை வேண்டாம் என்று ஒதுக்கித் தனிக்குடித்தனம் நடத்தப் பார்க்கிறான். அம்மா வங்கியில் விட்டுப்போன பணம் 7,000 யென். பணம் இருந்தும், ஊரோடு ஒட்டாதவனால் தங்கைக்குச் சோறு போட முடியவில்லை.

மூலக் கதையை எழுதிய அகியூகி நோசகாவின் தங்கை 1945-இல் பட்டினியில் இறந்தாள். தங்கைக்கான உணவைத் தானே தின்ற குற்ற உணர்வோடு எழுதியவர் அவர். கதையில் வரும் அண்ணன் தன்னைவிட நல்லவன் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு வாசிப்பில் நான் தகாஹாதா பக்கம், முழு மனதோடு அல்ல. தீக்குண்டுகள் வானத்திலிருந்து ஒழுகும் காட்சியை அப்படி வரைந்துவிட்டு, ஜப்பானியத் தலைப்பிலும் மின்மினியை 'நெருப்பு', 'தொங்கி வழிதல்' என்ற எழுத்துகளால் எழுதிவிட்டு, 'போரைப் பற்றி அல்ல' என்றால் பார்ப்பவர் என்ன செய்வார்? ஆனால் 1988-இலேயே அவர் ஒரு பயத்தைச் சொல்லியிருந்தார்: காலம் திரும்பினால், செய்தாவைவிடச் சித்தியின் பக்கம் நிற்பவர்கள் பெருகலாம் என்று. முதல் முறை பார்த்தபோது அந்தச் சித்தியை நான் சபித்தேன். போன மாதம் மறுபடி பார்த்தபோது, பானையில் அவள் அரிசிக்கஞ்சியை அளந்து ஊற்றுவதைப் பார்த்து, வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினேன்.